ஜப்பானில் மொழிப் படிப்பு முடிகிறது: கிளம்புவது, விடைபெறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, கோபி, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஜப்பானுக்கு மொழி படிக்கப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். போவதற்கு வழிசொல்ல ஆள் உண்டு, பணம் வாங்கிக்கொண்டாவது சொல்வார்கள். படிப்பு முடிந்து கிளம்பும்போது என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்வதில்லை. நான் அங்கே படித்துவிட்டுத் திரும்பியவன். வருடா வருடம் பொங்கல் முடிந்தால் போன் வர ஆரம்பித்துவிடும், படிக்கிற பிள்ளைகளிடமிருந்தும் அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும். ஒரே கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்பதால், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

பையனுக்கு மார்ச்சோட படிப்பு முடியுதுங்க. விசா ஜூலை வரைக்கும் இருக்குதாமா. அதுவரைக்கும் அங்கயே வேலை பாத்துட்டு வரட்டுமுங்களா?

வேண்டாம். மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்க வாங்கும் அனுமதி, பள்ளியில் பெயர் இருக்கும் காலத்துக்கு மட்டும்தான். ஸைரியூ கார்டில் (அங்கே வசிப்பவர்களுக்குத் தரும் அடையாள அட்டை) ஜூலை என்று தேதி போட்டிருந்தாலும், பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயர் எடுபட்ட மறுநாள் கடைக்கு வேலைக்குப் போனால் அது விதிமீறல். பிறகு வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அது வந்து நிற்கும். பெயர் எந்தத் தேதி வரை இருக்கும் என்பதைப் பள்ளி ஆபீசிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

சில வாரம் தங்கி ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், அதில் தப்பில்லை. ஆனால் காரணமில்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் படிக்காமல் இருந்தால் விசாவை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பள்ளியை முடித்த 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

எல்லாருக்கும் மார்ச்சுலதான் முடியுமா? நான் அக்டோபர்ல சேர்ந்தவன்.

பெரும்பாலும் ஆமாம். மொழிப் பள்ளியில் அதிகபட்சம் 2 வருடம் படிக்கலாம். ஏப்ரலில் சேர்ந்தவருக்கு 2 வருடம், அக்டோபரில் சேர்ந்தவருக்கு ஒன்றரை வருடம் என்று கணக்கு போட்டு, மார்ச்சில் ஒன்றாகவே பட்டமளிப்பு நடத்துவார்கள். அங்கே மார்ச்சில்தான் ஊரே வீடு மாறும், வேலை மாறும். லாரி கிடைக்காது, கழிவுப் பொருள் எடுத்துப்போக முன்பதிவு கிடைக்காது, விருந்துக்கு மேஜை கிடைக்காது. அடுத்த பதிலைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பற வேலையை எப்ப ஆரம்பிக்கணும்ங்ணா? ரெண்டு வாரம் போதுமா?

போதாது. ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள். வீட்டை காலி செய்வதாக ஒரு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும். வேலை பார்க்கும் கடையிலும் ஒரு மாதத்துக்கு முன் சொல்வதுதான் மரியாதை. கேஸ் இணைப்பைத் துண்டிக்க நாள் குறிக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அபராதத்துக்குப் பயந்து இல்லை. கடைசி வாரம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாக வரிசையில் நின்றவர்கள், கூடவே இருந்த நண்பனிடம் நின்று நாலு வார்த்தை பேச முடியாமல் விமானம் ஏறியிருக்கிறார்கள். என்னிடம் வரும் வருத்தங்களில் பாதி இதுதான். காகித வேலையைச் சீக்கிரம் முடித்தால், மிச்சமாகும் நாட்கள் நண்பர்களுக்கு. கிளம்புவதற்கு முந்தைய நான்கைந்து நாட்களில் எந்த ஆபீசுக்கும் போக வேண்டியிராதபடி திட்டம் போடுங்கள்.

சிட்டி ஆபீஸ்ல போய் என்னன்னு சொல்றது? சொல்லாம வந்துட்டா என்ன ஆகும்?

'நாட்டை விட்டுப் போகிறேன்' என்று வெளியேறும் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். கிளம்பும் தேதிக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். அதே கட்டடத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டையும் முடித்து, மிச்சத் தொகையைக் கட்டிவிடலாம். மை நம்பர் கார்டு (அரசு தரும் தனி எண் அட்டை) இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

சொல்லாமல் வந்தால் அவர்கள் கணக்கில் நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். காப்பீட்டுப் பில் மாதா மாதம் ஏறிக்கொண்டே இருக்கும். குடியிருப்பு வரி என்று இன்னொன்று உண்டு. ஜனவரி 1 அன்று அந்த ஊரில் குடியிருந்தவருக்கு, முந்தைய வருட வருமானத்தை வைத்துப் போடுவார்கள். பகுதி நேர வேலையில் குறைவாகச் சம்பாதித்தவர்களுக்குப் பெரும்பாலும் வராது. வரும் போலிருந்தால் அங்கேயே கேட்டு ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள். ஸைரியூ கார்டை மட்டும் இங்கே கொடுக்கக் கூடாது, அது விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியிடம் கொடுக்க வேண்டியது.

பென்ஷனுக்குக் கட்டுன காசு திரும்ப வருமாமே, நெசமுங்களா?

நிஜம்தான், ஆனால் கட்டியிருந்தால்தான். 20 வயது ஆனவர்கள் எல்லாரும் தேசிய ஓய்வூதியத்தில் சேர வேண்டும். மாணவர்கள் பலர் வருமானம் இல்லை என்று விலக்கு வாங்கியிருப்பார்கள். விலக்கு வாங்கிய மாதத்துக்கு எதுவும் திரும்ப வராது. 6 மாதமாவது கட்டியிருந்தால், நாட்டை விட்டு வந்த 2 வருடத்துக்குள் விண்ணப்பித்து ஒரு பகுதியை மொத்தமாக வாங்கலாம். இந்திய வங்கிக் கணக்குக்கே வரும். மேலே சொன்ன வெளியேறும் அறிவிப்பைக் கொடுக்காதவருக்கு இதுவும் கிடைக்காது.

திரும்பவும் அங்கே வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. பணத்தை வாங்கிவிட்டால் அந்தக் காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும்.

அரிசி குக்கர், ஃப்ரிட்ஜ் எல்லாம் வெச்சுருக்கேன். அம்மா குக்கரைக் கொண்டு வரச் சொல்றாங்க.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட், நம் ஊரில் 230. கோபியில் கொண்டுவந்து பிளக்கில் சொருகினால் முதல் உலை கொதிப்பதற்கு முன்னால் கருகின நாற்றம் வரும். குக்கரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைத் திருப்பிப் பாருங்கள், 100 என்று மட்டும் இருந்தால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். செல்போன், லேப்டாப் சார்ஜர்களில் 100 முதல் 240 வரை என்று இருக்கும், அவை கவலையில்லை.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஏசி நான்கும் 2001-இல் நடப்புக்கு வந்த மறுசுழற்சிச் சட்டத்துக்குள் வரும். குப்பையில் போட முடியாது, காசு கொடுத்துத்தான் தள்ள வேண்டும். கட்டில், மெத்தை, மேஜைக்கு முன்பதிவு செய்து, கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வெளியே வைக்க வேண்டும். அதனால் ஜூனியர்களுக்குக் கொடுப்பதே உத்தமம். புதிதாக வரும் நேபாளத்துப் பையனுக்கு உங்கள் ஃப்ரிட்ஜ் பெரிய உதவி. விலை பேசினாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, எடுத்துப்போகும் தேதியை எழுதி வாங்குங்கள். 'வரேன் வரேன்' என்று கடைசி நாள் வராமல் போனால் ஃப்ரிட்ஜும் நீங்களும்தான் நிற்பீர்கள்.

பேங்க் அக்கவுண்ட்டை மூடணுமா? கூட வேலை பாக்கற ஒருத்தர் ஏடிஎம் கார்டையும் பாஸ்புக்கையும் குடுத்தா காசு தர்றேங்கறார்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள், அதனால் நான் உரக்கவே சொல்கிறேன். கொடுக்காதீர்கள். கணக்கை விற்பது, சும்மா கொடுப்பது இரண்டுமே அங்கே குற்றம். மோசடிப் பணத்தை உருட்ட இப்படி ஊருக்குக் கிளம்பும் மாணவர்களின் கணக்குகளைத்தான் தேடுகிறார்கள். நீங்கள் இங்கே வந்துவிட்டாலும் பெயர் உங்களுடையது. அடுத்த முறை விசா கேட்கும்போதோ விமான நிலையத்தில் இறங்கும்போதோ அது உங்களைத்தான் பிடிக்கும்.

கேட்டவர் நல்ல நண்பராகவே இருக்கலாம், அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். 'மூடிவிட்டேன்' என்று ஒரே வார்த்தையில் முடியுங்கள். நிஜமாகவே மூடியும் விடுங்கள். கடைசிச் சம்பளமும் வீட்டு முன்பணமும் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு மூடுவதுதான் முறை. தேதி ஒத்துவராவிட்டால் சம்பளத்தைக் கையில் வாங்க முடியுமா என்று கடையில் கேளுங்கள்.

பள்ளியில என்னென்ன சர்டிபிகேட் வாங்கிட்டு வரணும்?

முடித்ததற்கான சான்று, மதிப்பெண் சான்று, வருகைச் சான்று. மூன்றிலும் இரண்டிரண்டு பிரதி. வருகைச் சான்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த விசாவுக்கு அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். அதன் சான்று உங்கள் ஜப்பான் முகவரிக்குத் தபாலில் வருமாகையால், வருவதற்கு முன் கிளம்புகிறவர்கள் நம்பிக்கையான ஒருவரின் முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

எனக்குன்னு பிரிவு விருந்து வெக்கறாங்க. நானும் பங்கு போடணுமா?

ஜப்பான்காரர்கள் வைக்கும் விருந்தில் கிளம்புகிறவர் பங்கை மற்றவர்கள் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். நீங்கள் பர்ஸை எடுப்பீர்கள், அவர்கள் வேண்டாம் என்பார்கள், இரண்டு தடவைக்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். பதிலுக்கு மறுநாள் ஒரு நன்றிச் செய்தி அனுப்ப மறக்கக் கூடாது. வகுப்பு நண்பர்கள் சேர்ந்து வைப்பதில் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். அங்கே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இதோடு நிறுத்தாமல், அறையில் நீங்களே ஒரு வேளை சமைத்துப் போடுங்கள். அரிசிம்பருப்பு சாதம், பக்கத்தில் நெய், அப்பளம், ஒரு வறுவல். ஒரே குக்கரில் ஆகிவிடும், காரம் குறைவு, சைவம் சாப்பிடும் நண்பருக்கும் ஆகும். கடை விருந்தில் இருபது பேர் சத்தத்தில் பேச முடியாததெல்லாம் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து தின்னும்போது தானாக வரும். முன்பு சொன்னபடி குக்கரை யாருக்காவது தருவதாக இருந்தால் இந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்.

டீச்சருக்கு என்ன குடுக்கறதுங்க? ஊர்ல இருந்து ஏதாவது அனுப்பி விடட்டுமா?

விலை அதிகமானது வேண்டாம். வாங்கிக்கொள்ளச் சங்கடப்படுவார்கள், சில பள்ளிகளில் வாங்கவே கூடாது. கையால் ஜப்பானிய மொழியில் எழுதின ஒரு கடிதம்தான் அவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்வது. பிழை இருந்தாலும் சரி, சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தப் பிழையே அடையாளம்.

ஊரிலிருந்து அனுப்ப ஆசைப்பட்டால் சென்னிமலைத் துண்டு, மேஜை விரிப்பு, பவானி ஜமுக்காளத்தின் சின்ன அளவு, நெகமம் பருத்தித் துணி இதெல்லாம் நல்லது. எடை குறைவு, கெட்டுப்போகாது, எந்த ஊர் நெசவு என்று சொல்ல ஒரு கதையும் இருக்கும். எண்ணிக்கையில் மட்டும் கவனம். ஜப்பானில் 4, 9 ஆகாது, ஐந்தாகக் கொடுங்கள். கத்தி, கத்தரிக்கோல் கூடாது. சீன நண்பருக்குச் சுவர்க்கடிகாரம் கூடாது. நேபாளத்து நண்பர்கள் உங்கள் கழுத்தில் சால்வை மாதிரி ஒரு துணி போட்டு நெற்றியில் பொட்டு வைத்து அனுப்புவார்கள். கூச்சப்படாமல் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள், நம் வீட்டில் திருநீறு பூசி அனுப்புகிற அதே காரியம்தான்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு அட்டை குடுத்தாங்க. அதை எப்படிக் கொண்டு வர்றது?

அதன் பெயர் ஷிகிஷி. தடித்த அட்டை, ஓரத்தில் பொன் நிறக் கரை, நடுவில் உங்கள் பெயர். சுற்றிலும் ஒவ்வொருவரும் வெவ்வேறு கோணத்தில் எழுதியிருப்பார்கள், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல. கையில் திருப்பித் திருப்பித்தான் படிக்க வேண்டும். ஏறக்குறைய 24-க்கு 27 சென்டிமீட்டர். மடிக்கக் கூடாது, பெட்டியில் போட்டால் மூலை நசுங்கும். இரண்டு துணிக்கு நடுவே வைத்துக் கைப்பையில் எடுத்துவாருங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். சில பேனா மை நம் ஊர் வெயிலில் வெளுத்துவிடும்.

யார் எழுதியது எது என்று பின்பக்கம் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் பெயர் போடாமல் பூனைப் படம் போட்டிருப்பார்கள்.

வேலை பார்த்த கடையில கடைசி நாள் எப்படி நடந்துக்கறது?

சீருடையைத் துவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பெட்டி இனிப்பு வாங்கி, ஓய்வறையில் வையுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றினதாக இருக்க வேண்டும், ஷிஃப்டில் இல்லாதவரும் மறுநாள் வந்து எடுத்துக்கொள்ள. ஆள் எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று கூடுதலாக. திட்டிக்கொண்டே இருந்த மேனேஜருக்கும் சேர்த்துத்தான்.

ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லலாமா, வேண்டாமா?

நரிதா விமான நிலையம், டோக்கியோ நடுவிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். போக வர ரயில் செலவு மாணவனுக்கு ஒரு நாள் சம்பளத்தில் கணிசமான பங்கு, அன்றைக்கு வேலைக்கும் லீவு போட வேண்டும். ஒரு வேன் பிடித்து ஊரே கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு வந்து வழியனுப்புகிற நம் பழக்கத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. வருகிறேன் என்று தாமாகச் சொன்னால் வரட்டும். நீங்களாகக் கேட்காதீர்கள்.

ஜப்பானில் பெரும்பாலும் ரயில் நிலையத்தின் டிக்கெட் வாசலிலேயே விடைபெற்றுவிடுவார்கள். நீங்கள் உள்ளே போய்ப் படியில் மறையும் வரை அவர்கள் நகர மாட்டார்கள், அதனால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கூட வந்து ஏற்றிவிட ஆசைப்பட்டால் பிளாட்பார டிக்கெட் அங்கேயும் உண்டு. பெட்டிகளை முன்கூட்டியே விமான நிலையத்துக்கு அனுப்பிவிடும் டெலிவரி சேவையைப் பயன்படுத்தினால் கை காலியாக இருக்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்ட் தேடும் அவசரத்தில் யாருக்கும் ஒழுங்காக விடை சொல்ல முடியாது.

நெருங்கின ஃப்ரெண்டு ஒருத்தன் அன்னிக்கு வரவே இல்லை. கோவமா இருக்கு.

வராதவர்களில் இரண்டு வகை. ஷிஃப்ட் மாற்ற முடியாதவர்கள் ஒன்று. வந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து வராதவர்கள் இன்னொன்று. இரண்டாவது வகைதான் அதிகம் என்பது என் கணிப்பு. ஊருக்கு வந்ததும் நீங்களே முதலில் போன் செய்யுங்கள். 'ஏன் வரலை' என்று ஆரம்பிக்காமல் 'சாப்பிட்டியா' என்று ஆரம்பியுங்கள்.

ரூம்மேட் எனக்கு முப்பதாயிரம் யென் தரணும். கிளம்பற நேரத்துல கேட்டா நல்லாவா இருக்கும்?

கிளம்பும் நேரத்தில் கேட்டால் நன்றாக இருக்காது, அதனால்தான் ஒரு மாதம் முன்னால் கேட்க வேண்டும். 'இந்தத் தேதிக்குள் கணக்கு முடிக்க வேண்டும், பேங்க் மூடுகிறேன்' என்று சொல்லுங்கள். மேலே பேங்க் கேள்வியில் சொன்ன மூடல் இங்கே ஒரு நல்ல சாக்கு. கையில் இல்லை என்றால் அவனிடம் இருக்கும் சைக்கிளையோ வேறு எதையோ வாங்குவதில் பிரயோஜனமில்லை, ஊருக்கு எப்படிக் கொண்டுவருவீர்கள்? எவ்வளவு முடியுமோ வாங்கிக்கொண்டு, மிச்சத்தை விட்டுவிடுவதா பிறகு வாங்குவதா என்று அப்போதே முடிவு செய்து அவனிடமும் சொல்லிவிடுங்கள். முடிவு செய்யாமல் விட்ட கடன்தான் போனை எடுக்க விடாமல் செய்கிறது, அவனையும் உங்களையும். நீங்கள் தர வேண்டியது இருந்தால் அதை முதலில் கொடுங்கள்.

ஊருக்கு வந்த பின்னாடி சைனா ஃப்ரெண்டு கூடப் பேசவே முடியல. வீசாட் திறக்க மாட்டேங்குது.

2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. உங்கள் தோழி பக்கம், சீனாவில், வாட்சாப், லைன் (ஜப்பானில் வாட்சாப் மாதிரிப் பயன்படுத்துவது), ஜிமெயில் மூன்றும் திறக்காது. அதாவது இரண்டு பேரும் ஊர் திரும்பிவிட்டால் நடுவில் வழியே இல்லாமல் போகும். ஜப்பானில் இருக்கும்போது எல்லாமே வேலை செய்வதால் இது யாருக்கும் தோன்றுவதில்லை.

கிளம்புவதற்கு முன்பே அவளுடைய சீன மின்னஞ்சல் முகவரியை வாங்கி, ஒரு முறை அனுப்பிப் பார்த்து, வந்ததா என்று உறுதி செய்யுங்கள். வீட்டு முகவரியையும் சீன எழுத்திலேயே அவள் கையால் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்கள், இன்னும் ஜப்பானில் இருக்கும் பொது நண்பர் ஒருவர் மூலம் முகவரி கேட்டு வாங்கலாம்.

லைனும் வேறொரு வகையில் காலை வாரும். ஜப்பான் நம்பரில் பதிந்திருப்பதால், நம்பரை ஒப்படைத்த பிறகு போனை மாற்றினால் கணக்கு போய்விடலாம். அங்கே இருக்கும்போதே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பதிந்து, பேச்சுக்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். வியட்நாம் நண்பர்கள் ஜாலோ, கொரியர்கள் காக்கோடாக் பயன்படுத்துவார்கள். இவற்றையும் கிளம்புவதற்கு முன்பே நிறுவிக்கொள்வது நல்லது.

எந்த நேரத்துல போன் பண்ணா அவங்களுக்குத் தொந்தரவா இருக்காது?

ஜப்பானும் கொரியாவும் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். சீனா, தைவான் இரண்டரை. வியட்நாம் ஒன்றரை, மியான்மர் ஒரு மணி, நேபாளம் கால் மணி. நாம் இரவு ஒன்பதுக்குச் சாவகாசமாகப் போனை எடுக்கும்போது டோக்கியோவில் நள்ளிரவு தாண்டியிருக்கும். ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்த நேரம் எல்லாருக்கும் ஒத்துவரும்.

வந்து ரெண்டு வாரம் ஆச்சு. யார்கிட்டயும் பேசப் பிடிக்கல, வீட்ல 'பையன் மாறிட்டான்'ங்கறாங்க.

இது பலருக்கும் வருவதுதான். ஒரு வகுப்பறையில் பத்து நாட்டுக்காரர்களோடு அரைகுறை மொழியில் சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று தாராபுரத்தில் திண்ணையில் உட்கார்ந்து 'சம்பளம் எவ்வளவு, எப்பக் கல்யாணம்' என்ற இரண்டே கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்தான். கேட்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அவர்களுக்கு உங்கள் அங்கத்திய வாழ்க்கையில் பிடித்துக் கேட்க வேறு கொம்பு இல்லை. நீங்களே ஒன்றைக் கொடுங்கள்: போட்டோவைக் காட்டி ஒரே ஒரு நண்பரைப் பற்றிச் சொல்லுங்கள். அப்பாருக்கு அந்த நண்பனின் ஊரில் என்ன வெள்ளாமை என்று தெரிந்தால் போதும், அடுத்த நாளிலிருந்து அவரே விசாரிக்க ஆரம்பிப்பார்.

மாதக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வேறு. டாக்டரைப் பாருங்கள், அதில் வெட்கம் எதுவுமில்லை.

பேச ஆளில்லாம மொழி மறந்துடும் போல இருக்கு. இங்க அதுக்கு வேலை கிடைக்குமா?

பேச்சு முதலில் துருப்பிடிக்கும், படிப்பது கொஞ்சம் தாங்கும். வாரம் ஒரு முறை நண்பரோடு ஜப்பானிய மொழியில் பேசுவது என்று வைத்துக்கொண்டால் நட்புக்கும் ஆச்சு, மொழிக்கும் ஆச்சு. வியட்நாம் நண்பருக்கும் அவர் ஊரில் இதே பிரச்சினைதான், அதனால் அவரே விடமாட்டார்.

வேலையைப் பொறுத்தவரை, ஜேஎல்பிடியில் என்3 நிலை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் வேலை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு மேல்நிலையான என்2 இருந்தால் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு ஐடி நிறுவனங்களில் ஜப்பான் வாடிக்கையாளர்களைப் பார்க்கும் பிரிவுகளில் முயலலாம். நம் பக்கத்தில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. திருப்பூர் கம்பெனிகளில் தினமும் ஓடுகிற ஜூக்கி மெஷின் ஜப்பானுடையது; நூல்மில்களில் இருக்கும் முராட்டா கோன் வைண்டிங், தறிக்கூடங்களில் இருக்கும் டொயோட்டா ஏர்ஜெட் தறியும் அப்படியே. மெஷினும் தெரிந்து மொழியும் தெரிந்தவர் அதிகம் கிடைப்பதில்லை. மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் படித்தவர்கள் அந்தப் பக்கம் தேடிப் பாருங்கள். ஜேஎல்பிடி அடுத்த நிலையை இங்கிருந்தே சென்னையில் எழுதலாம்.

நெருங்கின ஃப்ரெண்டு ஒரு பொண்ணு. நெசமாவே ஃப்ரெண்டுதான். போன் வந்தா வீட்ல ஒரு மாதிரி பாக்கறாங்க.

மாடிக்குப் போய்ப் பேசுவதை நிறுத்துங்கள். கூடத்தில் உட்கார்ந்து வீடியோவில் பேசி, போனை அம்மா கையில் கொடுங்கள். இரண்டு பேருக்கும் பொது மொழி இருக்காது, கையாட்டிச் சிரித்துக்கொள்வார்கள். அதுவே போதும். ஜாதகம் எடுத்துக்கொண்டிருக்கும் வீட்டில் ஒளிவுமறைவுதான் சந்தேகத்தைக் கிளப்பும். நட்புக்கு மேல் ஏதாவது இருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்கு உதவாது, மாமாவிடமோ அத்தையிடமோ போய்ப் பேசுங்கள்.

எல்லார்கிட்டயும் தொடர்புல இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன். முடியல.

முடியாதுதான். முப்பது பேரோடு யாராலும் முடியாது. நாலைந்து பேரோடு பேசுங்கள். மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு வாழ்த்து போதும். ஜப்பானியர்களுக்குப் புத்தாண்டு அட்டை அனுப்பும் வழக்கம் உண்டு, டீச்சருக்கு டிசம்பர் முதல் வாரமே இங்கிருந்து தபாலில் போடுங்கள். அந்த வருடம் அவர்கள் வீட்டில் துக்கம் என்று தெரிந்தால் அனுப்பக் கூடாது. வியட்நாம், சீன நண்பர்களுக்குப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், நேபாளத்து நண்பருக்குத் தசைன் பண்டிகை. அவர்களுக்கு நீங்கள் பொங்கல் படம் அனுப்புங்கள்.

என் கல்யாணத்துக்குக் கூப்பிட்டா வருவாங்களா? நான் என்ன ஏற்பாடு பண்ணணும்?

கூப்பிட்டால் ஓரிருவர் நிச்சயம் வருவார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் தேதி சொல்ல வேண்டும், நம் வீடுகளில் மண்டபம் கிடைப்பதைப் பொறுத்துத் தேதி மாறும் என்பதால் முன்பணம் கட்டிய பிறகு சொல்லுங்கள். நேபாளத்து நண்பருக்கு விசா தேவையில்லை. ஜப்பானியர்களுக்கு வந்து இறங்கிய பிறகு விசா தரும் வசதி உண்டு, ஆனால் அது சென்னை, பெங்களூரு போன்ற பெரிய விமான நிலையங்களில்தான். சிங்கப்பூர் வழியாக நேராகக் கோயம்புத்தூரில் இறங்குவதாக இருந்தால் இ-விசா வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வியட்நாம் நண்பருக்கும் இ-விசாதான்.

தங்க வைப்பதை உறவினர் வீட்டில் வைக்காமல் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் போடுங்கள், அவர்களுக்குக் கொஞ்ச நேரம் தனிமை வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த தம்பி ஒருவனை முழுநேரமும் கூட விடுங்கள். பந்தியில் இலை நிரம்பிக்கொண்டே இருக்கும், போதும் என்றால் கையை இலைக்கு மேல் குறுக்கே காட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். சீர் நடக்கும்போது எதற்காக என்று பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்து சொன்னால் அவர்களுக்குப் பிடிக்கும். அப்புறம், பத்திரிகையில் முகூர்த்தம் 4.30 முதல் 6.00 வரை என்று போட்டிருந்தால் அது விடிகாலை என்று தனியாக எழுதி அனுப்புங்கள். ஜப்பான்காரர் சாயங்காலம் சரியாக நாலு இருபதுக்கு மண்டப வாசலில் வந்து நிற்பார், அதற்குள் பந்தலையே பிரித்திருப்பார்கள்.